ஓர் ஓடையின் சாட்சியம்

அடக்கச் சடங்குகளின்போது நம் காதில் அடிக்கடி விழும் சொற்கள் இரண்டு. ஒன்று, "எல்லாம் விதி". மற்றொன்று, "ஆண்டவர் சித்தம்". முதுமையாலோ நெடுநாள் நோயாலோ ஒருவர் கண்மூடும்போது, இரண்டாவது சொல் துயருற்றோர் நெஞ்சுக்கு மருந்தாகின்றது. அதை நாமும் சொல்லியிருக்கின்றோம், இனியும் சொல்லுவோம். ஆனால், பழுதென்று பலரும் அறிந்திருந்த சுவர் இடிந்து ஒருவர் மாண்டார். பாதுகாப்பற்றது என்று பலரும் எச்சரித்த படகு கவிழ்ந்து பத்துப்பேர் மாண்டனர். அவர்களுடைய பெட்டியருகேயும் அதே சொல் ஒலிக்கும்போது நம் உள்ளம் தயங்குகின்றது. அவ்விடத்தில் இறைவனின் திருப்பெயர், யாரோ ஒருவருடைய பிழையை மூடும் போர்வையாக மாறிவிடுகின்றதன்றோ?

எது இயற்கையின் செயல்? எது இறைவனின் திருவுளம்? எது மனிதர் ஏற்கவேண்டிய பொறுப்பு? கருத்தளவில் மட்டும் ஆராய்ந்தால் இவ்வினாக்கள் நம்மை எங்கோ இட்டுச்சென்று விட்டுவிடும். எனவே, ஒரு சிற்றோடையின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவற்றைச் சிந்திக்க விழைகின்றோம். இத்தாலி நாட்டின் வடகிழக்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஓடும் அவ்வோடையின் பெயர் வயோந்த்.

மலையும் ஓடையும்

கோல் நூதோ என்னும் மலை 2,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதன் சரிவுகளில் பிறக்கும் வயோந்த் முதலில் வடக்கு நோக்கி இறங்கி, பின்னர் மேற்கே திரும்புகின்றது. வழியில் மெசாத்சோ, சேமொலா என்னும் ஓடைகள் அதனோடு சேர்கின்றன. இறுதியில் ஆழமும் இடுக்கமுமான ஒரு மலைப்பிளவினூடே பாய்ந்து, பியாவே ஆற்றில் கலக்கின்றது. அது கலக்குமிடத்திற்கு எதிரே, பியாவேயின் மறுகரையில் அமைந்துள்ள ஊர் லொங்கரோனே. பிறப்பிடம் முதல் முடிவிடம் வரை ஓடையின் நீளம் பதினைந்து கிலோமீட்டரை எட்டாது. அதிகாலையில் புறப்படும் ஒருவர் நண்பகலுக்குள் அதன் கரை முழுவதையும் நடந்து முடித்துவிடலாம்.

ஓடையின் வடகரையில் எர்த்தோ, காஸ்ஸோ என்னும் இரு மலையூர்கள் உள்ளன. தென்கரையில் 1,921 மீட்டர் உயரமுள்ள தோக் மலை எழுந்து நிற்கின்றது. சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காகப் படிந்து உருவான மலை அது. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிமண் படிவங்கள் ஓடுகின்றன. அவ்வடுக்குகள் சாய்வு நாற்காலியைப் போன்ற அமைப்புடையவை. மேலே, நாற்காலியின் முதுகுப்புறம்போல் செங்குத்தாக இறங்குகின்றன. கீழே, இருக்கையைப்போல் ஓடையை நோக்கிப் படுத்துவிடுகின்றன. நனைந்த களிமண்மேல் பெருஞ்சுமையொன்று சாய்ந்து நின்றால் என்னவாகும் என்பதை அறிய நிலவியல் கற்றிருக்க வேண்டியதில்லை.

வரலாற்றுக்கு முந்திய ஏதோ ஒரு காலத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. தோக் மலையின் ஒரு பெரும்பகுதி வழுக்கி இறங்கிப் பள்ளத்தாக்கை அடைத்தது. வழி மறிக்கப்பட்ட ஓடை சினந்து நிற்கவில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாக அறுத்து அறுத்து, அச்சரிவின் குறுக்கே தனக்கொரு புதுவழி கண்டது. அது வெட்டிச்சென்றதால் சரிந்த மலையின் ஒரு துண்டு வடகரையில் தனித்து நின்றது. எஞ்சிய பெரும்பகுதி தென்கரையிலேயே தங்கிற்று. படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அத்தனித்த குன்று ஓர் எழுத்தாகவே விளங்கியது. இம்மலை ஒருமுறை சரிந்த மலை என்பதே அவ்வெழுத்தின் பொருள்.

படிக்கத் தெரியாதவர்களும் அதனை அறிந்திருந்தனர். தோக் என்னும் பெயரை, அழுகிப்போனது என்று பொருள்படும் வட்டாரச் சொல்லோடு ஊரார் இணைத்துப் பேசுவதுண்டு. அம்மலைச் சரிவில் புல் அறுத்தவர்களும் மாடு மேய்த்தவர்களும் அதன் இயல்பைத் தம் காலடியில் உணர்ந்தவர்கள்.

எளிய மக்கள் அவர்கள். மரத்தைக் கடைந்து கரண்டியும் கிண்ணமும் செய்வது ஆண்கள் தொழில். அவற்றைக் கூடையில் முதுகிலேற்றி, ஊர் ஊராக நடந்து விற்றுவருவது பெண்கள் தொழில். எர்த்தோ மக்கள் ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளைத் தாங்களே நடித்துக் காட்டுவர். கொள்ளைநோயிலிருந்து காக்கப்பட்டதற்கு நன்றியாக 1631-இல் செய்த நேர்ச்சை அது என்பது ஊர் வழக்கு. குற்றமற்றவர் ஒருவர் எவ்வாறு தீர்ப்பிடப்பட்டார் என்பதையும், தீர்ப்பிட்டவர் எவ்வாறு கைகழுவினார் என்பதையும் தலைமுறை தலைமுறையாகத் தம் தெருக்களில் நடித்துவந்த மக்கள் அவர்கள்.

வானளாவிய அணை

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் மின்சாரம் பெரிதும் தேவைப்பட்டது. போரால் நைந்த நாடு எழுந்து நிற்க முயன்ற காலம் அது. மலைநீரிலிருந்து மின்சாரம் எடுப்பதைத் தீமையென்று எவரும் சொல்லார். வெனிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 'சாதே' என்னும் தனியார் மின்நிறுவனம் இயங்கிற்று. பியாவேயிலும் அதன் கிளையாறுகளிலும் அணைகள் கட்டி, அந்நீரையெல்லாம் குழாய்களின் வழியே கொண்டுவந்து ஓரிடத்தில் சேமிக்க அது திட்டமிட்டது. அதற்குத் தெரிவு செய்யப்பட்ட இடமே வயோந்தின் இடுக்குப் பள்ளம். நிறுவனம் முதன்மையாக நாடியது ஓடையின் நீரை அன்று. ஓடை பல்லாயிரம் ஆண்டுகளாய் அகழ்ந்து வைத்திருந்த ஆழத்தை.

திட்டத்திற்கு இசைவு தந்த அரசு மன்றம் 1943 அக்டோபர் 15-ஆம் நாள் கூடியது. நாடே போரில் சிதறிக்கிடந்த அவ்வேளையில், 34 உறுப்பினர்களுள் 13 பேரே வந்திருந்தனர். அணை வேலை 1957-இல் தொடங்கிற்று. கார்லோ செமென்சா என்னும் திறன்மிக்க பொறியாளர் வகுத்த அவ்வணை 261.6 மீட்டர் உயரம் கொண்டது. இருபுறமும் வளைந்த அணைகளுள் அக்காலத்தில் உலகிலேயே உயரமானது. பொறியியல் நோக்கில் அதுவொரு பெருஞ்சாதனை என்பதில் இன்றளவும் ஐயமில்லை. அணையைப் பற்றி எல்லாம் கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால் அணைக்குப் பின்னால் நின்ற மலையைப் பற்றி?

அடையாளங்கள்

1959 மார்ச் 22-ஆம் நாள், அண்டைப் பள்ளத்தாக்கிலிருந்த பொன்தேசெய் நீர்த்தேக்கத்தில் ஒரு மலைச்சரிவு விழுந்தது. எழுந்த அலை காவலர் ஒருவரை அடித்துச்சென்றது. அதே ஆண்டில் எர்த்தோ மக்கள் தங்கள் நிலத்தையும் வீட்டையும் காக்க ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களது அச்சத்தைத் தீனா மெர்லின் என்னும் பெண் செய்தியாளர் நாளிதழில் எழுதினார். பொது ஒழுங்கைக் குலைக்கும் பொய்ச்செய்தியைப் பரப்பினார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. மிலான் நீதிமன்றம் 1960 நவம்பர் 30-இல் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அதற்குள், அதே மாதம் 4-ஆம் நாள், 7 லட்சம் கன மீட்டர் மண்ணும் பாறையும் தோக் மலையிலிருந்து புதிய நீர்த்தேக்கத்தில் சரிந்துவிட்டன. மலைச்சரிவில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும் பிளவொன்று வாய்திறந்தது.

அறிவியலாரும் வாளாவிருக்கவில்லை. அணையை வகுத்தவரின் மகனான எதுவார்தோ செமென்சா ஒரு நிலவியலாளர். வடகரையின் தனித்த குன்றைக் கண்டு, அது பண்டைய சரிவின் எச்சமென்றும், தென்கரையில் தங்கிய பெரும்பகுதி மீண்டும் நகரக்கூடுமென்றும் அவர் அறிவித்தார். ஆஸ்திரிய வல்லுநர் லியோபோல்டு முல்லர் 1961-இல் அளித்த அறிக்கையில், நகரும் பகுதி ஏறத்தாழ 20 கோடி கன மீட்டர் இருக்குமென மதிப்பிட்டார். ஓடை எழுதிவைத்ததை ஒருவர் படித்துவிட்டார், மற்றொருவர் அளந்தும்விட்டார்.

பின்னர் நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. சரிவு விழுந்தால் அலை எவ்வளவு எழும் என்பதை அறிய, நீர்த்தேக்கத்தின் சிறிய உருவமொன்றைச் செய்து சோதித்தனர். மலைக்குப் பதிலாகச் சரளைக்கற்கள். 20 கோடிக்குப் பதிலாக 4 கோடி கன மீட்டர் என்னும் கணக்கு. நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டரில் இருந்தால், எத்தகைய சரிவு விழுந்தாலும் அச்சமில்லை என்பது 1962-இல் வெளியான முடிவு. அன்றுமுதல் 700 என்னும் எண்ணே அனைவருக்கும் ஆறுதலாயிற்று.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். சரிவு விழுந்து ஏரி இரண்டாகப் பிரிந்தால் நீர் தடைபடாமல் அணைவரை வந்துசேரும் பொருட்டு, 1961-இல் வடகரைப் பாறையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்தனர். மலை சரியக்கூடும் என்று நம்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நீருக்கு மாற்றுவழி அமைத்தவர்கள், அப்பள்ளத்தாக்கின் வாயிலில் வாழ்ந்த மக்களுக்கு மாற்றுவழி எண்ணவில்லை.

அக்டோபர் 9, 1963

1962 இறுதியில் இத்தாலியில் மின்துறை நாட்டுடைமையாயிற்று; 1963 மார்ச்சில் அணை அரசு மின்நிறுவனத்தின் கைக்கு வந்தது. முழுமையாக நிரப்பிச் சோதிக்கப்பட்ட அணைக்கு மதிப்பு மிகுதி. அதனால்தான் நீரை உயர்த்துவதில் அவ்வளவு விரைவு காட்டினர் என்று பலர் கருதுவர். அவ்வாண்டு செப்டம்பரில் நீர்மட்டம் 710 மீட்டரை எட்டியது. மலையின் நகர்வு விரைந்தது. மரங்கள் சாய்ந்தன, பாதைகள் பிளந்தன. அஞ்சிய பொறியாளர்கள் நீரை மெல்ல மெல்ல 700 மீட்டருக்கு இறக்கத் தொடங்கினர். இறுதி நாட்களில் மலை நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. அக்டோபர் 8-ஆம் நாள் எர்த்தோ ஊராட்சித் தலைவர், தோக் சரிவில் வாழ்ந்தோர் வெளியேற வேண்டுமென ஆணையிட்டார். கீழேயிருந்த லொங்கரோனேக்கு அத்தகைய ஆணை எதுவும் செல்லவில்லை.

அணைக்குப் பொறுப்பேற்றிருந்த தலைமைப் பொறியாளர் ஆல்பெரிக்கோ பியாதெனே, விடுமுறையில் சென்றிருந்த உதவிப் பொறியாளருக்கு அந்நாளில் ஒரு மடல் எழுதினார். மலையின் நிலை மோசமாகிவருவதால் உடனே திரும்பிவருமாறு அவரை அழைத்த அம்மடல், கடவுள் நமக்கு நன்மையே தருவாராக என்னும் கருத்துடன் முடிந்தது.

9-ஆம் நாள் இரவு லொங்கரோனேயின் தேநீர்க் கடைகளிலும் மதுக்கடைகளிலும் மக்கள் நிறைந்திருந்தனர். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இல்லாத காலம்; ரியல் மாட்ரிட் அணிக்கும் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் அணிக்கும் நடந்த கால்பந்தாட்டத்தைக் காண மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்தும் பலர் வந்திருந்தனர். இரவு 10.39 மணிக்குத் தோக் மலையின் பக்கம் முழுவதும் ஒரே பாளமாக நீருக்குள் பாய்ந்தது. அதன் அளவு 26 கோடி கன மீட்டருக்கும் மேல். அப்போது நீர்மட்டம் ஏறத்தாழச் சரியாக 700 மீட்டர்!

எழுந்த நீர் ஒருபுறம் காஸ்ஸோவின் வீடுகளைத் தாக்கிற்று. ஏரிக்கரைச் சிற்றூர்களைத் துடைத்தெடுத்தது. மறுபுறம் ஏறத்தாழ 2½ கோடி கன மீட்டர் நீர் அணையைத் தாண்டிக் குதித்து, இடுக்கின் வழியே காற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு லொங்கரோனேமீது விழுந்தது. சில நிமிடங்களில் ஊர் இல்லை. அருகிலிருந்த பிராகோ என்னும் சிற்றூரில் கோவிலின் மணிக்கூண்டும் ஒரு வீடும் மட்டும் நின்றன. இறந்தோர் 1,917 பேர் என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் சிறுவர் சிறுமியர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை; கிடைத்தவற்றுள்ளும் ஏறத்தாழப் பாதியை அடையாளம் காண இயலவில்லை.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இங்கோ அணை உடையவில்லை. மேல்விளிம்பில் சிறிது சேதமுற்றதன்றி, இன்றும் அப்படியே நிற்கின்றது. அணைக்குள்ளிருந்தே வெள்ளம் வந்தது.

யார் செய்த பிழை?

மறுநாள் தொட்டு நாளிதழ்கள் பலவும் இயற்கையின் கொடுமையென்றே எழுதின. மலை சரிந்தது, கல்லுக்கும் நீருக்கும் மனமில்லை, எவரைக் குறைசொல்வது என்றனர். இறைவனின் புலனாகாத் திருவுளம் என்று தலைகுனிந்தோரும் உண்டு.

எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததைக் குறித்து ஆண்டவர் பேசியதை நாம் நற்செய்தியில் காண்கின்றோம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்பதை அவர் ஐயத்திற்கிடமின்றிச் சொன்னார். துன்பத்தைத் தண்டனையாகக் காணும் கணக்கை மறுத்த அவர், கேட்டுநின்றோரின் பார்வையை அவரவர் மனமாற்றத்தின் பக்கம் திருப்பினார். லொங்கரோனே மக்கள் எப்பாவத்துக்கும் தண்டனை பெறவில்லை. அவர்களது சாவை இறைவனின் கணக்கில் எழுத நமக்கு உரிமையில்லை.

அப்படியாயின் பொறியாளர்கள் கொலைகாரர்களா? அவ்வாறு சொல்வதும் உண்மைக்குப் புறம்பாகும். எவரையும் கொல்ல எவரும் நினைக்கவில்லை. செமென்சா 1961 ஏப்ரலில் நண்பரொருவருக்கு எழுதிய மடலில், இத்தனை ஆண்டு வெற்றிகளுக்குப் பின் தம் கையை மீறிவிடும் போலத் தோன்றும் ஒன்றின் முன் நிற்பதாகக் கலங்கினார்; அவ்வாண்டின் அக்டோபரில் இறந்தும்போனார். வழக்கு தொடங்கும் முன்னாள், குற்றஞ்சாட்டப்பட்ட மற்றொரு பொறியாளர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனச்சான்று செத்தவர்களின் கதையன்று இது. அதனாலேயே இது நம்மைப் பற்றிய கதையும் ஆகின்றது.

அவர்கள் சார்பில் சொல்லத்தக்க வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். மலைச்சரிவைப் பற்றிய அறிவு அன்று வளராத நிலையில் இருந்தது. அவ்வளவு பெரிய பாளம் மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவு வேகத்தில் பாயுமென எவரும் கருதவில்லை; மெல்ல மெல்ல இறங்கும் என்றே நம்பினர். நடந்து முடிந்தபின் நாம் அறிவதை, நடக்குமுன் அவர்கள் அறிந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நீதியாகுமா?

அறியாமையின் வகைகள்

நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், அறநெறி இறையியல் வகுப்பில் இவ்வினாவுக்கான திறவுகோலொன்றைக் கற்றோம். புனித தாமஸ் அக்குவினாஸ் அறியாமையைப் பகுத்துக் காட்டுகின்றார். எவ்வளவு முயன்றும் அறிய முடியாததை அறியாதிருப்பது குற்றமன்று. அங்கே தவறு நேரினும் மனச்சான்று தூய்மையாகவே இருக்கும். அறிய வேண்டியதை அறியும் கடமையிருந்தும், சோம்பலாலோ கவனமின்மையாலோ அறியாதிருப்பது இரண்டாவது வகை, அது குற்றமே. இவையிரண்டினும் வேறான ஒன்றும் உண்டு. அறிந்தால் நினைத்ததைச் செய்ய முடியாதே என்பதற்காக, அறியாதிருப்பதையே ஒருவர் விரும்பித் தேடிக்கொள்ளும் நிலை அது. அவ்வறியாமை பழியைக் குறைப்பதில்லை. ஏனெனில் அதுவே அவரது விருப்பத்தின் செயல்.

இவ்வுரைகல்லில் வயோந்தை உரைத்துப் பார்ப்போம். மலை எவ்வளவு வேகமாகப் பாயும் என்பது எவரும் அறிந்திராதது. அதைக் குறித்து எவரையும் பழிக்கலாகாது. ஆனால், மலை நகர்கின்றது என்பதை நாள்தோறும் அளந்தனர். அதன் அளவு 20 கோடி கன மீட்டர் என்னும் மதிப்பீடு கையிலிருந்தது. அப்படியிருக்க 4 கோடிக்குச் சோதனை செய்தபோதே, தாங்கக்கூடிய விடை வருமாறு வினா திருத்தப்பட்டுவிட்டது. தெரியவில்லை என்று சொல்வது இழுக்கன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் ஓர் எண்ணுக்குள் அடைத்துவிட்டு, அவ்வெண்ணின் நிழலில் உறங்கியதுதான் இழுக்கு.

மேலும், மலையின் வேகத்தை அறியாவிடினும் மக்களை வெளியேற்றியிருக்கலாம். ஐயமே அதற்குப் போதுமான காரணம். தம் பொருளைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமையுண்டு. பிறருடைய உயிரை, அவர்கள் அறியாமலேயே பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. ஐயம் நிறுவனத்துக்குள் இருந்தது. இடர் நிறுவனத்துக்கு வெளியே, கால்பந்தாட்டம் கண்டுகொண்டிருந்த மக்கள்மீது இருந்தது. இவ்விரண்டையும் பிரித்துவைத்த மௌனத்தில்தான் குற்றம் குடிகொண்டது என்று நாம் கருதுகின்றோம்.

முன்மதி என்னும் புண்ணியத்தைப் பற்றி எழுதுகையில் அதே புனிதர், பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளும் பணிவை அதன் ஓர் உறுப்பாகச் சேர்க்கின்றார். எவ்வளவு கற்றவரும் எல்லாவற்றையும் தாமே அறிய முடியாது. ஆதலால் பட்டறிவு மிக்க முதியோரின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. முதுகில் கூடை சுமந்த எர்த்தோ மூதாட்டிகளுக்குக் கணக்கு வராது. ஆயினும் எந்தச் சரிவில் புல் அறுத்தால் கால் வழுக்கும் என்பது தெரியும். அவர்களது அச்சத்தை அறியாமையென்று ஒதுக்கினர். அதனை எழுதியவரை நீதிமன்றத்தில் நிறுத்தினர். ஏழைகள் சொன்னதாலேயே ஓர் உண்மை பாதியாகிவிடுமா?

வேண்டுதலும் கடமையும்

பியாதெனேயின் மடலுக்குத் திரும்புவோம். ஒரு குருவானவர் என்னும் முறையில் நம்மை மிகவும் உறுத்துவது அம்மடலின் இறுதிச் சொற்களே. அவர் கடவுளை நம்பியே அவ்வாறு எழுதினாரா, பேச்சு வழக்காக எழுதினாரா என்பதை நாம் தீர்ப்பிட வரவில்லை. ஆனால், அதே மாலையில் லொங்கரோனேக்கு ஓர் எச்சரிக்கை சென்றிருந்தால், அதுவே உண்மையான வேண்டுதலாகியிருக்கும். இறைவன் நமக்கு அறிவையும் நாவையும் தந்தது அவரை ஏவல்செய்யச் சொல்வதற்கன்று. நாம் செய்யக்கூடியதைச் செய்தபின் அவரிடம் ஒப்படைப்பது நம்பிக்கை. செய்யக்கூடியதைச் செய்யாமலே ஒப்படைப்பது அவரைச் சோதிப்பது. கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகையின் சோதனையும் இதுவேயன்றோ?

நீதி நொண்டி நொண்டியே வந்தது. வழக்கு நிகழ்ந்த ஊரிலிருந்து தொலைவிலிருந்த லாக்குயிலா நகருக்கு மாற்றப்பட்டது. 1971 மார்ச்சில் நாட்டின் மேல்முறையீட்டு உச்சமன்றம், அப்பேரழிவு முன்னறியத்தக்கதே என ஏற்று, பியாதெனேக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதில் மூன்றாண்டு தள்ளுபடியாயிற்று. அரசின் ஆய்வாளர் ஒருவரும் தண்டிக்கப்பட்டார். இழப்பீட்டை யார் தருவது என்னும் பூசல் 2000-ஆம் ஆண்டில்தான் ஓய்ந்தது. வீடிழந்த எர்த்தோ மக்கள் பலர் சமவெளியில் மானியாகோவுக்கு அருகே குடியேற்றப்பட்டனர். அப்புதிய ஊருக்கு வயோந்த் என்றே பெயர்.

மன்னிப்பைப் போதிக்கும் நாம் இவ்விடத்தில் ஒன்றை மறக்கலாகாது. உண்மையைச் சொல்லாமல் மன்னிப்பைக் கேட்பதும், உண்மையைக் கேளாமல் மன்னிக்கச் சொல்வதும் புண்ணின்மேல் மண் இடுவதாகும். இயற்கையின் செயல் என்று சொல்லப்பட்டவரை லொங்கரோனே மக்களுக்கு மன்னிக்க எவருமில்லை. மலையை மன்னிக்க முடியுமா? மனிதர் செய்தது என்று ஏற்கப்பட்ட நாளில்தான் மன்னிப்புக்கும் வழி பிறந்தது. பொறுப்பை ஏற்றல் மனிதரைத் தாழ்த்துவதன்று. அவரை மனிதராக நடத்துவதாகும்.

உலகமும் இதனைக் காலந்தாழ்ந்தேனும் கற்றுக்கொண்டது. 2008-இல் ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடிய பன்னாட்டுப் புவி ஆண்டில், நிலத்தைப் புரிந்துகொள்ளத் தவறியதன் விளைவுக்கு எடுத்துக்காட்டாக வயோந்த் சுட்டப்பட்டது. அவ்வழக்கின் ஆவணங்கள் 2023-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. லொங்கரோனே மீண்டும் எழுந்தது. ஜொவான்னி மிகெலூச்சி என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த புதிய கோவிலில் இன்று திருப்பலி நடைபெறுகின்றது. பிராகோவில் மணிக்கூண்டு தனியே நிற்கின்றது. எர்த்தோவில் புனித வெள்ளியன்று பாடுகளின் காட்சி தொடர்கின்றது.

ஓடை? அதன் பழைய படுகையின் ஒரு பகுதி நூற்றுக்கணக்கான மீட்டர் மண்ணுக்கும் பாறைக்கும் அடியில் கிடக்கின்றது. சரிவின்மேல் இப்போது மரங்கள் வளர்ந்துள்ளன. மேற்கே வரும் நீர், 1961-இல் குடைந்த அச்சுரங்கத்தின் வழியாகவே வெளியேறுகின்றது. சரிவு வருமென அறிந்து அமைத்த வழியில், சரிவு வந்தபின் இன்றளவும் ஓடை ஓடிக்கொண்டிருக்கின்றது. பேசாத அந்நீரினும் பெரிய சாட்சி வேறெது?

நம்முள் பெரும்பாலோர் அணை கட்டுபவர் அல்லர். ஆயினும் பள்ளியை நடத்துகின்றோம், வண்டி ஓட்டுகின்றோம், கட்டடத்துக்குக் கையொப்பம் இடுகின்றோம், பங்குப் பேரவையில் அமர்கின்றோம், குடும்பத்துக்குத் தலைமை தாங்குகின்றோம். நம் முடிவின் கீழே, நமக்குத் தெரிந்தது தெரியாமல், யாரேனும் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். எதை அறிந்துகொள்ள நாம் அஞ்சுகின்றோம், எந்த எளியவரின் சொல்லைக் கேளாமல் கடந்துசெல்கின்றோம், எந்தக் கடமையின் இடத்தில் வேண்டுதலை வைத்துவிட்டோம் என்று ஆன்ம சோதனை செய்யும்போதெல்லாம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. ஆண்டவர் சித்தம் என்னும் தூய சொல்லை, நாம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த வாயாலேயே சொல்லும் அருளை அவர் நமக்குத் தருவாராக.